டீசல் யந்திரத்தின் வெப்பமும் கிண்ணியாவின் கைகளும்

திருகோணமலையின் வரலாறு என்று நமது மாணவர்க்குக் கற்பிக்கப்படுவது பெரும்பாலும் கப்பல்களின் வரலாறாகவே இருக்கிறது. 1624-ல் போர்த்துக்கீசர் கோட்டை கட்டினர். 1639-ல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தனர். 1782-ல் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் வந்தான். 1795-ல் பிரிட்டிஷார் வந்தனர். 1957 ஒக்டோபர் 15-ந் திகதி பிரிட்டிஷ் கடற்படைத் தளம் இலங்கை அரசின் கைக்கு வந்தது. இவ்வாண்டுகளை மனனம் செய்த மாணவன் பரீட்சையில் தேறிவிடுகிறான். ஆனால், துறைமுகத்தில் இறங்கிய பண்டம் ஊர்களுக்குள் எப்படிப் போயிற்று, அதைக் கொண்டுசென்ற வண்டியை ஓட்டியவர் யார், வழியில் அது நின்றுபோன வேளையில் அதைச் சரிசெய்தவர் யார் என்று அம்மாணவன் கேட்டால், பாடப்புத்தகம் மௌனம் சாதிக்கிறது.

அந்த மௌனத்தின் ஒரு மூலையையேனும் கலைக்க முடியுமா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சாதாரணமானது. டீசல் லொறியின் யந்திரம் கொதித்துப்போகாமல் காப்பது எப்படி, அதற்கான வேலையை வீட்டு முற்றத்திலேயே செய்து முடிக்கும் அறிவு நம்மவர்க்கு எவ்வாறு வாய்த்தது என்பதே அது. "இதுவும் ஒரு வரலாறா?" என்று சிலர் நகைக்கலாம். மன்னன் வெட்டிய குளம் வரலாறாகும்போது, அக்குளத்து நீரால் விளைந்த நெல்லைச் சந்தைக்குக் கொண்டுசென்ற வண்டி ஏன் வரலாறாகக் கூடாது?

கிண்ணியாவின் நிலையை முதலில் நினைவுகூர்வோம். தம்பலகாமக் குடாவின் நீர் கொட்டியாரக் குடாவுடன் கலக்கும் வாயிலில் அமைந்த ஊர் இது. தெற்கே மகாவலி கங்கை தன் நெடும்பயணத்தை முடித்துக் கடலில் விழுகிறது. நீரால் சூழப்பட்ட இவ்வூருக்கு நெடுங்காலம் வாசலாக இருந்தது, நம் மக்கள் "பாதை" என்று அழைக்கும் மிதவைதான். ஆளும் மாடும் லொறியும் அதில் ஏறித்தான் அக்கரை சேர வேண்டும். 396 மீற்றர் நீளமுள்ள கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில்தான் திறக்கப்பட்டது. அதற்குப் பின்னரும் துன்பம் முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. 2021 நவம்பர் 23-ந் திகதி குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டப்பட்டுவந்த வேளையில், மாற்றுவழியாக ஓடிய பாதை கவிழ்ந்து பள்ளிச் சிறுவர்கள் உட்படப் பலர் மாண்டனர். இத்தகைய நிலத்தில் ஒரு வண்டி ஓடுவது என்பது வெறும் வியாபார விஷயமன்று, அது உயிர்நாடி. நெல்லும் மீனும் மணலும் லொறியில்தான் போகின்றன. 2004 டிசம்பர் 26-ந் திகதி ஆழிப்பேரலை கிண்ணியாவைச் சூறையாடியபோது அரிசி மூட்டைகளும் மருந்தும் லொறிகளிலேயே வந்தன.

அந்த லொறியின் உள்ளே இருப்பது டீசல் யந்திரம். அதற்குப் பெயர் தந்த ருடோல்ஃப் டீசல் 1858-ல் பாரிஸ் நகரில் பிறந்தவர். தோல்வேலை செய்த ஜெர்மானியக் கைவினைஞர் ஒருவரின் மகன். நீராவி யந்திரம் தன்னுள் எரிந்த நிலக்கரியின் வெப்பத்தில் மிகப் பெரும் பகுதியை வீணாக்கியதைக் கண்டு வெதும்பிய அவர், வெப்பத்தை வீணாக்காத யந்திரம் ஒன்றைச் சமைக்க முனைந்தார். 1892-ல் விண்ணப்பித்து, 1893-ல் காப்புரிமை பெற்றார். அவ்வாண்டு ஔக்ஸ்பேர்க் நகரத் தொழிற்சாலையில் அவர் செய்து பார்த்த முதல் யந்திரத்தின் உருளையைச் சுற்றி நீர் ஓடும் உறையே கிடையாது. தமது யந்திரத்திற்குக் குளிர்விப்பு தேவைப்படாது, எரியும் எண்ணெயின் வெப்பத்தில் பெரும் பகுதி வேலையாகவே மாறிவிடும் என்று அவரது கணக்கு சொல்லிற்று.

காகிதத்தில் இருந்த கணக்கு இரும்பில் எடுபடவில்லை. நீர் உறை சேர்க்கப்பட்டது. நான்காண்டு உழைப்புக்குப் பின், 1897 பெப்ரவரியில் பேராசிரியர் ஷ்ரோட்டர் நடத்திய சோதனையில், எரிபொருளின் சக்தியில் 26.2 சதவிகிதத்தை அந்த யந்திரம் வேலையாக மாற்றியது. அக்காலத்தில் அது பெரும் வெற்றி. ஆனால் அதே எண்ணை மறுபுறம் திருப்பிப் பாருங்கள். ஏறத்தாழ முக்கால் பங்கு சக்தி வேலைக்கு வராமல் போயிற்று. இன்றைய லொறி யந்திரத்திலும் நிலை முற்றாக மாறிவிடவில்லை. பொதுவாகச் சொன்னால், எரியும் டீசலின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு, அல்லது அதற்குச் சற்று மேல், சக்கரத்தைச் சுழற்றுகிறது. இன்னொரு பெரும் பங்கு புகையோடு வெளியேறுகிறது. எஞ்சியதில் பெரும் பகுதி இரும்பைச் சுட்டு, நீரில் இறங்குகிறது. அந்நீரின் சூட்டைக் காற்றிடம் ஒப்படைக்காவிட்டால் யந்திரம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்.

வெப்பத்தைக் காற்றிடம் ஒப்படைக்கும் கருவியின் கதையும் இக்காலத்ததே. 1886-ல் கார்ல் பென்ஸ் ஓட்டிய மூன்று சக்கர வாகனத்தில் நீர் கொதித்து ஆவியாகப் போய்க்கொண்டே இருந்தது. வழிநெடுக ஊற்றிக்கொண்டே போக வேண்டும். வில்ஹெல்ம் மைபாக் என்ற பொறியியலாளர் 1900-ல் தேனடை போன்ற ரேடியேட்டரை அமைத்தார். 8,070 சிறு குழாய்களை அடுக்கிச் செய்யப்பட்ட அதில், காற்று நீரைத் தழுவும் பரப்பு பன்மடங்கு பெருகியது. சுமக்க வேண்டிய நீரின் அளவோ குறைந்தது. நீரைச் சுழற்றும் பம்பும், காற்றை இழுக்கும் விசிறியும், அளவறிந்து வழிவிடும் தெர்மோஸ்டாட்டும், அழுத்தத்தைக் காக்கும் மூடியும் சேர்ந்து இன்றைய குளிர்விப்பு ஏற்பாடு உருவாயிற்று. டீசல் யந்திரம் லொறியில் ஏறியது 1923, 1924-ஆம் ஆண்டுகளில்தான். அதுவும் ஜெர்மனியில்.

இங்கேதான் நமது கேள்வி பிறக்கிறது. குளிர்நாட்டில் பிறந்த இந்த ஏற்பாடு கிண்ணியாவின் வெயிலில் எப்படி நடந்துகொள்ளும்?

ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம், நீரின் சூட்டுக்கும் காற்றின் சூட்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. வசந்தகாலத்து ஔக்ஸ்பேர்க்கில் காற்று 15 பாகை என்று கொள்வோம்; யந்திரத்து நீர் 85 பாகை. வேறுபாடு 70. கச்சான் காற்று அனலை வாரி வீசும் ஒரு நண்பகலில் கிண்ணியாவில் காற்று 36 பாகை. நீர் அதே 85 ஆனால் வேறுபாடு 49 மட்டுமே. அதாவது, அதே ரேடியேட்டர், அதே நீர், அதே விசிறி. ஆயினும் குளிர்விக்கும் ஆற்றலில் பத்தில் மூன்று பங்கு போய்விட்டது! அதற்கு மேல், ஆற்றங்கரை மணலில் பாரம் ஏற்றிய லொறி முதல் கியரில் ஊர்கிறது. யந்திரம் முழு மூச்சோடு உழைக்கிறது. வண்டி ஓடும் வேகத்தால் முகப்பில் வந்து மோதும் காற்றோ இல்லை. பாரம் மிகுதி, காற்று குறைவு, வெயில் கொடிது. மூன்றும் கூடும்போது கொதிப்பு வராமல் என்ன செய்யும்?

நான்காவதாக ஒரு பகையும் உண்டு. அது நாம் ஊற்றும் நீர். கடலோரக் கிணற்று நீரில் உப்பு உண்டு. வறண்ட வலயத்து நிலத்தடி நீரில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. சூடேறும்போது அந்தச் சுண்ணாம்பு இரும்பிலும் செம்பிலும் படிகிறது. நம் வீட்டுக் கேத்தலின் அடியில் வெள்ளைப் பொருக்கைக் காணாதவர் யார்? அதே பொருக்கு ரேடியேட்டரின் குழாய்க்குள்ளும் படிகிறது. செம்பு வெப்பத்தைக் கடத்தும் ஆற்றலில் நூற்றில் ஒரு பங்குகூட அந்தப் பொருக்குக்கு இல்லை. உப்போ உலோகத்தை அரித்துத் தின்கிறது. தாகத்தால் தவிக்கும் யந்திரத்திற்கு அவசரத்தில் ஊற்றிய உவர்நீர், அப்போதைக்குக் காத்து, பின்னர் கொல்கிறது.

இந்த நெருக்கடியை வென்றவர்கள் யார்? தொழிற்சாலையின் வரைபட மேசையில் இருந்தவர்கள் அல்லர். லொறியை வைத்துப் பிழைத்தவர்களும், கராஜில் கையில் கரி படிய நின்றவர்களுமே வென்றார்கள். அவர்களை அதற்கு உந்தியது பொழுதுபோக்கன்று, தட்டுப்பாடு. இந்நாட்டில் 1970 முதல் 1977 வரை இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில் உதிரிப்பாகம் அரும்பொருளாயிற்று. எறிய வேண்டியதைத் திருத்திப் பயன்படுத்தும் பழக்கம் வேரூன்றியது. 1977-க்குப் பின் சந்தை திறந்துவிடப்பட்டதும், ஜப்பானில் ஓடித் தேய்ந்த லொறிகள் வந்து குவிந்தன. மிதமான வெப்பமுள்ள நாட்டுக்கென அமைந்த ரேடியேட்டர்கள் நம் வெயிலுக்கு முகங்கொடுக்க வேண்டியதாயிற்று. 1983 முதல் 2009 வரை நீடித்த போரில் பாதைகள் அடைபட்டன; கொழும்பிலிருந்து வரவேண்டிய பொருள் வருமா என்பதே ஐயமாயிற்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025-ன் தொடக்கத்தில்தான் அத்தடை தளர்ந்தது. இடையில் 2022-ல் ரூபாவின் மதிப்பு டாலருக்கு ஏறத்தாழ 200-லிருந்து 360 வரை சரிந்தது. பழைய லொறியை விட்டால் வேறு லொறி இல்லை. அதைக் காப்பாற்றும் கை மட்டுமே மூலதனம்.

அக்கை என்ன செய்கிறது என்பதைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு அது ஒட்டுவேலையாகத் தோன்றலாம். உள்ளே நுழைந்து பார்த்தால் ஒழுங்கான விஞ்ஞான முறை அதில் இருக்கிறது.

முதற்படி நோயறிதல். கொதிக்கிறது என்றதும் பெரிய ரேடியேட்டரைத் தேடி ஓடுகிறவர் அனுபவமில்லாதவர். பெல்ட் தளர்ந்து விசிறி நழுவுகிறதா? பம்பின் இறகு அரித்துப் போயிற்றா? ரேடியேட்டரின் முகத்தில் தூசியும் பூச்சியும் அடைத்திருக்கின்றனவா? நீரில் குமிழி எழுந்தால், யந்திரத்தின் தலைப்பகுதியிலுள்ள கேஸ்கட் வெடித்து எரிவாயு நீருக்குள் கசிகிறதா? இவற்றை ஒவ்வொன்றாக விலக்கிய பின்னரே தேர்ந்த கை அடுத்த படிக்குப் போகும்.

இரண்டாவது படி, உள்ளதைத் துப்புரவாக்குதல். ரேடியேட்டரைக் கழற்றி, மேல்தொட்டியைப் பற்றுப்பிரித்து, குழாய் ஒவ்வொன்றிலும் மெல்லிய கம்பியைச் செலுத்திப் பொருக்கை உரித்தெடுக்கிறார்கள். பல வேளைகளில் இந்த ஒரு வேலையே போதுமானதாகிவிடும்.

மூன்றாவது படிதான் மேம்பாடு. இரு வரிசைக் குழாய் இருந்த இடத்தில் மூன்றோ நான்கோ வரிசை கொண்ட அடுக்கை வைத்துப் பற்றவைப்பர். விசிறியைச் சுற்றித் தகரத்தை வளைத்துக் கூண்டு கட்டுவர். செலவு குறைந்த இவ்வேலையின் பயன் பெரிது. ஏனெனில் கூண்டு இல்லாத விசிறி, ரேடியேட்டரின் ஊடே வரவேண்டிய காற்றை விட்டுவிட்டுப் பக்கத்துச் சூட்டுக்காற்றையே மீண்டும் மீண்டும் சுழற்றிக்கொண்டிருக்கும். மெதுவாக ஊரும் வண்டியில் இந்தக் கூண்டே உயிர் காக்கும். இறகு மிகுந்த விசிறியை மாட்டுவதும், பெரிய வண்டியின் ரேடியேட்டரைச் சட்டம் அடித்துப் பொருத்துவதும் உண்டு. அழுத்த மூடி சரியாக இருந்தால் நீரின் கொதிநிலை 100 பாகையைத் தாண்டி ஏறத்தாழ 120 வரை உயரும். தேய்ந்த மூடியை மாற்றச் சில நூறோ ஆயிரமோ ரூபாய் செலவழிக்கத் தயங்கி யந்திரத்தையே பறிகொடுத்தவர் பலர். ஊற்றும் நீரைப் பொறுத்தவரை, மழைநீரையோ வடித்த நீரையோ சேமித்து வைத்து, அதில் கூலன்ட் கலந்து ஊற்றுவதே நல்வழி. குளிர்நாட்டில் நீர் உறையாமல் இருக்க உதவும் அத்திரவம், நம் நாட்டில் துருவைத் தடுக்கவும் கொதிநிலையை உயர்த்தவும் உதவுகிறது.

இந்த அறிவைப் போற்றும்போது அதன் குறைகளையும் மறைக்கலாகாது. மறைப்பது மக்களுக்குச் செய்யும் நன்மையன்று. வெப்பநாட்டில் தெர்மோஸ்டாட் எதற்கு என்று அதைப் பிடுங்கி எறியும் வழக்கம் பரவலாக இருக்கிறது. பல யந்திரங்களில் அது திறக்கும்போதே குறுக்குவழி அடைபடும். அதை எடுத்துவிட்டால் சுடுநீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குள் போகாமலே திரும்பிவிடும். கொதிப்பைத் தணிக்கச் செய்த வேலையே கொதிப்பைக் கூட்டும். பாரமின்றி ஓடும் வேளையிலோ யந்திரம் உரிய சூட்டை எட்டாமல் எண்ணெயை அதிகம் குடித்து, விரைவில் தேயும்.

இதனினும் கொடிது மனித உடலுக்கு நேரும் தீங்கு. சூடான மூடியைத் திறந்த மாத்திரத்தில் அழுத்தம் விடுபட்டு, கொதிநீர் ஆவியாய்ச் சீறி முகத்தில் அடிக்கும். பழைய செம்பு ரேடியேட்டரைப் பற்றவைக்கும் கலவையில் ஈயம் உண்டு. அதன் புகையும் தூளும் மூச்சிலும் கைச்சோற்றிலும் கலந்து உடலில் தங்கும். ரேடியேட்டர் பழுதுபார்ப்போருக்கு ஈய நஞ்சு ஏறுவது பல நாடுகளில் மருத்துவர்கள் கண்டறிந்த தொழில்நோய். வீட்டு முற்றமே பட்டறையாகும்போது அந்த நஞ்சு உழைப்பவரோடு நிற்பதில்லை. முற்றத்தில் விளையாடும் பிள்ளையின் விரலுக்கும் போகிறது. சிறுபிள்ளையின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும் என்பது ஐயத்திற்கு இடமில்லாத உண்மை. காற்றோட்டமும் முகமூடியும், வேலைக்கென்று தனி உடையும், உண்ணுமுன் கைகழுவலும், பிள்ளைகளை விலக்கி வைத்தலும் ஆடம்பரங்கள் அல்ல. இவற்றைச் சொல்லித்தரும் தொழிற்சங்கம் முற்றத்துப் பட்டறைக்கு இல்லை. தொழிற்சாலைப் பரிசோதகரும் அங்கே வருவதில்லை.

இன்னொன்றையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். லொறி ஏன் கொதிக்கிறது? அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவதால்தானே பல வேளைகளில் கொதிக்கிறது? ட்ரிப் கணக்கில் கூலி என்றால், ஒரு ட்ரிப்பில் இரண்டு ட்ரிப்புக்குரிய மணலை ஏற்றினால்தான் கட்டுப்படியாகும் என்றால், சாரதி என்ன செய்வார்? ரேடியேட்டருக்கு மூன்றாவது வரிசையைச் சேர்ப்பார். அவ்வரிசை பாரத்தை இன்னும் கூட்ட இடந்தரும். மகாவலியின் மணல் இன்னும் ஆழமாகத் தோண்டப்படும், கரை இடியும், இலாபம் வேறொருவர் கைக்குப் போகும். பொருளாதாரத்தின் சூட்டை ரேடியேட்டரால் தணிக்க இயலாது. கைத்திறன் ஒரு யந்திரத்தைக் காக்கும். அந்த யந்திரம் யாருக்காக, எந்த நிபந்தனையில் ஓடுகிறது என்பதை மாற்ற வேறு வகை முயற்சி வேண்டும்.

இதற்குக் கிண்ணியாவின் கண்ணெதிரிலேயே ஒரு சாட்சி நிற்கிறது. குடாவின் மறுகரையில், சீனன்குடாவில், பிரிட்டிஷ் கடற்படைக்கென இரண்டாம் உலகப்போருக்கு முன் எழுப்பப்பட்ட மாபெரும் எண்ணெய்த் தாங்கிகள் இருக்கின்றன. 1942 ஏப்ரல் 9-ந் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது அவற்றில் ஒன்று தீக்கிரையாயிற்று. இன்று எஞ்சியவை 99. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும். 2022 ஜனவரியில் அவற்றைப் பங்கிட்டு ஓர் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று: 61 தாங்கிகள் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் இந்திய நிறுவனத்தின் இலங்கைக் கிளையும் சேர்ந்த கூட்டு முயற்சிக்கு, 24 கூட்டுத்தாபனத்திற்கு, 14 அந்த இந்தியக் கிளைக்கு. அதே ஆண்டில்தான் நாடெங்கும் லொறிகள் டீசலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றன. 2021 டிசம்பரில் 121 ரூபாவுக்கு விற்ற ஒரு லீற்றர் டீசல், 2022 ஜூன் மாத இறுதியில் 460 ரூபாவாயிற்று. பத்து இலட்சம் கிலோலீற்றருக்கு மேல் கொள்ளும் தாங்கிகளின் எதிர்க்கரையில், கொதிக்க வழியின்றி யந்திரங்கள் குளிர்ந்து கிடந்தன!

ருடோல்ஃப் டீசலின் வாழ்வில் நாம் மறந்துவிட்ட ஒரு பக்கம் உண்டு. பெரும் முதலாளிகளே நீராவி யந்திரத்தை வைத்துக்கொள்ள முடிந்த காலத்தில், தமது சிறிய யந்திரம் சிறு கைவினைஞனைப் பெரும் ஆலையின் போட்டியிலிருந்து காக்கும் என்று அவர் கனவு கண்டார். 1903-ல் தொழிலாளரின் கூட்டுறவை வலியுறுத்திச் 'சொலிடாரிஸ்முஸ்' என்ற நூலையும் எழுதினார். அதை வாங்கிப் படித்தவர் மிகச் சிலரே. அவருடைய யந்திரம் பெருங்கப்பல்களையும் நீர்மூழ்கிகளையும் இயக்கப் போயிற்று. 1913-ல் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த கப்பலிலிருந்து அவர் காணாமற்போனார். சில நாட்களில் உடல் கடலில் மிதந்தது. அவர் எண்ணிய கைவினைஞனை எங்கே தேடுவது? கிண்ணியாவில் ஒரு வேப்பமர நிழலில், கழற்றிய ரேடியேட்டரை மடியில் வைத்து, குழாய் குழாயாகக் கம்பி செலுத்திக்கொண்டிருக்கும் மனிதரிடம் தேடலாம்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வெப்பக் கடத்தலையும் கொதிநிலையையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறோம். மாணவன் அதை எழுதி, மறந்துவிடுகிறான். அவனுடைய வாப்பாவோ மாமாவோ அதே விதியை நாள்தோறும் கையால் கையாளுகிறார். ஆனால் தாம் செய்வது விஞ்ஞானம் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. இவ்விருவரையும் சந்திக்க வையுங்கள். ஒரு நாள் வகுப்பை லொறி நிற்கும் முற்றத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். வெப்பமானியைக் கொண்டுபோய், ரேடியேட்டருக்குள் நுழையும் நீரின் சூட்டையும் வெளிவரும் நீரின் சூட்டையும் குழாயின் வெளிப்புறத்தில் வைத்து அளக்கச் சொல்லுங்கள். பழைய பாஸ் ஒருவர் எந்த ஆண்டில் யாரிடம் தொழில் கற்றார், பாகம் கிடைக்காத காலத்தில் எதை எதற்குப் பதிலாக வைத்தார் என்று கேட்டு எழுதிவைக்கச் சொல்லுங்கள். ஈயத்தின் தீங்கை மாணவன் அவருக்கு எடுத்துச் சொல்லட்டும். கூண்டு கட்டும் நுட்பத்தை அவர் மாணவனுக்குச் சொல்லட்டும்.

கோட்டைகளைக் கட்டியவர்களின் பெயரைக் கல்லில் பொறித்துவைத்தார்கள். நம் லொறிகளைக் கட்டிக்காத்தவர்களில் மூத்தோர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் போய்விடுமுன் ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு நாம் அந்த முற்றத்துக்குப் போக வேண்டும்.